மாமா பேசாமல் வாசித்த வருஷம்

“பொட்டப்பிள்ளைக்கு நாயனம் ஊத மூச்சு எங்கன இருக்கு? ஒங்காத்தாளுக்காச்சும் என்னைய வைய மூச்சு இருக்கு. ஒனக்கு அதுவும் காணாதே மருமகளே!”

என் தாய்மாமா இதைச் சொன்னபோது எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சீவாளியை நாக்கில் நனைத்துப் பதம் பார்த்துக்கொண்டிருந்தார். சீவாளி என்பது நாயனத்தின் நுனியில் செருகுகிற சின்ன நாணல் துண்டு. அது வாயில் இருந்தால்தான் நாயனம் பேசும். ஒரே ஒரு தடவை நான் ஊதிப் பார்க்கிறேன் என்று கேட்டதற்குத்தான் அந்தப் பதில். தவில்காரர் சிரித்தார். அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். மாமா ஒன்று சொன்னால் சிரித்துவிடுவதுதான் எங்கள் வீட்டில் வழக்கம். அழுதால் அதை வைத்து இன்னும் இரண்டு சொல்வார்.

மாமா சாதாரண ஆள் இல்லை. கூடலூரிலிருந்து வடுகபட்டி வரைக்கும் பங்குனி, சித்திரையில் எந்த ஊர்ப் பொங்கலானாலும் நையாண்டி மேளம் என்றால் முதலில் அவரைத்தான் கேட்பார்கள். அவர் தேதி கிடைக்கவில்லை என்று சாமி சாட்டித் திருவிழா அறிவிப்பதையே ஒரு வாரம் தள்ளிவைத்த ஊர்கள் உண்டு. திருவிழா நோட்டீசில் அம்மன் படத்துக்குக் கீழே அவர் படம் போடுவார்கள். பெயருக்கு முன்னால் ‘நாதசுரச் சக்கரவர்த்தி’ என்று இருக்கும். எங்கள் குடும்பத்தில் அந்த நோட்டீசை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். அம்மா பாத்திரம் விளக்கிக்கொண்டே, “இன்னொருக்கா வாசி” என்பாள். சக்கரவர்த்தி வரும் இடத்தில் அவள் கை நின்றுவிடும். தன் அண்ணன் பெயர் அச்சில் வருவது ஒரு பெருமை, அதைத் தன் மகள் வாசிக்கிறாள் என்பது இன்னொரு பெருமை. இரண்டையும் சேர்த்து அனுபவிக்க வேண்டும் என்று நான் மெதுவாக வாசிப்பேன்.

அவருடைய வாசிப்பை எப்படிச் சொல்வது? மேளம் எங்கள் தெருவுக்குள் நுழையும்போது, திராட்சைத் தோட்டத்தில் குலை வெட்டிவிட்டுக் கைகால் ஓய்ந்து வந்து படுத்த பெண்கள் எழுந்து வந்து வாசலில் நிற்பார்கள். யாரும் அவர்களை எழுப்பியிருக்க மாட்டார்கள். அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.

ஆனால் நாயனத்தை எடுத்துவிட்டால் அந்த வாயில் இருந்து வேறு ஒன்று வரும். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில், இரண்டாம் நாயனம் வாசிக்கிற வடுகபட்டிக்காரரிடம் ராகத்தை ஒப்படைத்துவிட்டு, மாமா மைக்கைப் பிடிப்பார். கூட்டத்தில் நிற்கும் பெண்களில் ஒருத்தியைப் பார்த்துக்கொள்வார். அவள் நிறம், அவள் உடம்பு, அவள் நடை, அவளுக்குப் பிள்ளை இல்லாதது, அவள் மகள் சமைந்தும் கல்யாணம் ஆகாதது, எதுவானாலும் அவருக்கு வேடிக்கைதான். ஆண்கள் விசிலடிப்பார்கள். பெண்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள், அன்றைக்குத் தங்கள் முறை இல்லை என்ற நிம்மதியில். அவர் குடிக்க மாட்டார். குடித்திருந்தாலாவது பழியை ஒரு பாட்டில்மேல் போட்டிருக்கலாம். “வித்தக்காரன் வாய் அப்படித்தேன் இருக்கும்” என்று சொல்லி ஊர் அதைக் கடந்துவிடும். வாயை நிறுத்தினால் வித்தையும் நின்றுவிடுமோ என்று ஊருக்கு ஒரு பயம்.

அந்த வருஷம் எங்கள் தெருக் காளியம்மன் பொங்கலுக்கு மாமாவின் மேளம் பேசியிருந்தார்கள். சொந்தத் தங்கை இருக்கும் தெரு என்பதால் வேறு ஊரில் கேட்ட தேதியை விட்டுவிட்டு வந்திருந்தார். அம்மா தெருவில் தலையை நிமிர்த்தி நடந்தாள். அம்மாவும் சித்தியும் முளைப்பாரி எடுத்தார்கள்.

முளைப்பாரி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சட்டியில் மண்ணும் எருவும் போட்டு, பாசிப்பயறும் தட்டாம்பயறும் விதைத்து, வெயில் படாத ஒரு வீட்டுக்குள் வைத்து வளர்ப்பார்கள். அதற்குப் பாரி வீடு என்று பெயர். வெளிச்சம் இல்லாமல் வளர்வதால் பயிர் வெளிர் மஞ்சளாக, மெலிசாக, உயரமாக எழும்பும். யார் சட்டி உயரமாக வளர்கிறதோ அந்த வீட்டுக்கு நல்லது நடக்கும் என்று நம்பிக்கை. அந்த வாரம் முழுக்க, சாயங்காலமானால் பாரி வீட்டு வாசலில் பெண்கள் வட்டமாக நின்று கும்மி அடிப்பார்கள். கடைசி நாள் சட்டிகளைத் தலையில் ஏந்தி மேளத்தோடு போய் முல்லையாற்றில் கரைத்துவிட வேண்டும். கோயில் வாசலில் தலைக்கு ஏறிய பாரி ஆற்றங்கரையில்தான் இறங்க வேண்டும், நடுவில் தரை தொடக்கூடாது. மேளம் முன்னால் போகாமல் பாரி நகரக்கூடாது. எங்கள் தெருவுக்கு இந்த இரண்டும் சட்டம்.

சித்தி என் அப்பாவின் தம்பி மனைவி. கும்மிப் பாட்டை எடுத்துக் கொடுப்பது அவள்தான். அவள் ஒரு அடி பாட, மற்றவர்கள் அதையே திருப்பிப் பாடி அடிப்பார்கள். மைக் வேண்டாத குரல். அவள் பாடினால் பக்கத்துத் தெருப் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து வட்டத்தில் சேருவார்கள். சித்தப்பா கம்பமெட்டு மலை ஏறிக் கேரளாவில் ஏலத்தோட்ட வேலைக்குப் போனவர். முதலில் வாரம் ஒரு தடவை வந்தார். அப்புறம் மாதம் ஒரு தடவை. அப்புறம் தைப்பொங்கலுக்கு மட்டும். அந்த வருஷம் தைக்கும் வரவில்லை. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். சித்தி அந்த வருஷம் முதன்முதலாகப் பாரி போட்டிருந்தாள். அவள் சட்டிதான் எல்லாச் சட்டிகளையும்விட உயரம். பாரி வீட்டுக் கதவைத் திறந்து காட்டியபோது பெண்கள் முண்டியடித்துப் பார்த்தார்கள். “ஆத்தா கண்ணத் தொறந்துட்டாடி” என்று ஒரு பெரியம்மா சித்தியின் கன்னத்தைத் தடவினாள். சித்தி முகத்தில் அப்படி ஒரு வெட்கத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கடைசி நாள் சாயங்காலம், வெயில் தாழ்ந்திருந்தது. கோயில் வாசலில் சட்டிகள் ஒவ்வொன்றாகத் தலைக்கு ஏறின. குலவை போட்டார்கள். மைக் செட்காரர் தள்ளுவண்டியில் பெட்டியையும் பேட்டரியையும் கட்டி முன்னால் நிறுத்தியிருந்தார். மாமா ஒரு பாட்டை முடித்துவிட்டு வடுகபட்டிக்காரருக்குக் கண்காட்டி, மைக்கை எடுத்தார். வரிசையில் முதலில் நின்ற சித்தியை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏ ஆத்தா, பாரி என்னா ஒசரம்! ஒன் புருசன் மலைக்கு அந்தாண்ட வேறொருத்தி கையில சோறு திங்கிறான். இங்கன நீ யாருக்காக ஆத்தா இம்புட்டு ஒசரம் வளத்திருக்க?”

சிரிப்பு எழுந்தது. எனக்கோ சந்தோஷமாக இருந்தது. சித்தப்பாவைப் பற்றி யாருமே ஒரு வார்த்தை சொல்லாத வீட்டில், கடைசியில் ஒரு தகவல் கிடைத்துவிட்டதே! இருக்கிறார், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறார். நான் சித்தியைப் பார்த்தேன், அவளும் சந்தோஷப்படுவாள் என்று.

சித்தி இரண்டு கையையும் மேலே கொண்டுபோய்ச் சட்டியைப் பிடித்தாள். தலையிலிருந்து எடுத்தாள். குனிந்து தெரு நடுவில் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

சிரிப்பு நின்றது. தவில் நின்றது. வடுகபட்டிக்காரர் மட்டும் அரை அடி கூடுதலாக வாசித்துவிட்டு நிறுத்தினார். பாரி தரை தொட்டுவிட்டது. “அடி என்னடி பண்ற, குத்தம்டி!” என்று பின்னால் இருந்து ஒரு குரல் பதறியது. கோயில் கமிட்டித் தலைவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

அப்போது அம்மா தன் சட்டியை இறக்கினாள். சித்தியின் சட்டியை ஒட்டி வைத்தாள். அவள் முகத்தை எனக்குப் பார்க்க முடியவில்லை, முதுகுதான் தெரிந்தது. அம்மாவுக்குப் பின்னால் நின்ற அந்தப் பெரியம்மா இறக்கினாள். அப்புறம் அடுத்தவள், அதற்கு அடுத்தவள். கொஞ்ச நேரத்தில் தெரு நீளத்துக்கு வெளிர் மஞ்சளாக ஒரு வயல் முளைத்த மாதிரி இருந்தது.

“எல்லாரும் எறக்கிட்டா எப்படி? சாமி குத்தம் வரும்ல?” என்றார் தலைவர்.

“ஒண்ணு எறங்குனாத்தேன் குத்தம்” என்றாள் பெரியம்மா. “எல்லாம் எறங்குனா ஓய்வு. கழுத்து வலிக்காதா மனுசிக்கு?”

தலைவர் நல்லவர். எல்லோரையும் சமாதானப்படுத்திவிடலாம் என்று எப்போதும் நம்புகிறவர். அம்மாவிடம் வந்தார். “இந்தா பாரு, ஒன் அண்ணன் குணம் ஒனக்குத் தெரியாததா? கலைஞன்னா வாய் முன்னப்பின்ன இருக்கத்தேன் செய்யும். வாய் வேற, வாசிப்பு வேற. வாய விட்டுருங்க, வாசிப்ப எடுத்துக்கங்க. பொழுது எறங்குது. இருட்டுறதுக்குள்ள கரைக்கலேன்னா இந்த வருசப் பொங்கலே இல்லேன்னு ஆயிரும்.”

மாமா வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். மைக் இன்னும் கையில்தான் இருந்தது. “என் நாயனம் இல்லாம இதுக பாரி எங்கன போகும்? தலைவரே, டீ சொல்லுங்க. இதுகளே தானாத் தூக்கிக்கிரும்” என்றார். அது தெரு முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டது.

பெண்களுக்குள் பேச்சு எழுந்தது. “மேளத்த அனுப்பிருவோம்டி. ரேடியோ செட்டுல அம்மன் பாட்டப் போட்டுக்கிட்டுப் போவோம்” என்றாள் ஒருத்தி. “மைக்குலயே மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க” என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். திட்டியது அவள் அண்ணன், திட்டு வாங்கியது அவள் ஓரகத்தி. ஒன்றைச் சொன்னால் பிறந்த வீடு போகும், மற்றதைச் சொன்னால் வாழ்கிற தெரு போகும். அதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. அம்மா ஏன் இவ்வளவு நேரம் யோசிக்கிறாள், பேசாமல் மாமாவை வாசிக்கச் சொல்லலாமே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“மன்னிப்பு வேணாம்” என்றாள் அம்மா. “அதையும் மைக்குலதேன் கேப்பான். அதுலயும் ஒரு நக்கல் வப்பான். அதுக்கும் நாலு பேரு சிரிப்பான்.”

“அப்ப மேளத்த அனுப்பிருவோமா?”

“அனுப்ப மாட்டேன். எதுக்கு அனுப்பணும்? நான் பள்ளிக்கூடத்துப் படி மிதிக்காம, இவ வயசுல” என்று என் தலையில் கை வைத்தாள், “திராட்சத் தோட்டத்துல குலை வெட்டித்தேன் இவன ஊதப் படிக்க அனுப்புனோம். அந்த வாசிப்புல பாதி மூச்சு என்னது. அதை நான் எதுக்கு விடணும்? அவன் வாய்க்கும் எனக்கும் சம்பந்தமில்ல. அது அவனாச் சம்பாதிச்சது.”

பிறகு தலைவரைப் பார்த்துத் திரும்பினாள். “நீங்கதான சொன்னீக, வாய் வேற, வாசிப்பு வேறன்னு? சரி. அப்படியே பிரிச்சுக் குடுங்க. இங்கன இருந்து ஆத்தங்கரை வரைக்கும் அவன் வாயில இருந்து சீவாளி எறங்கக் கூடாது. மைக்க நாயனத்துக்குப் பிடிங்க, ஆளுக்குப் பிடிக்காதீக. சீவாளி எறங்குன எடத்துல பாரி எறங்கும். சம்மதம்னா குலவை போடுறோம்.”

தலைவர் மாமா பக்கம் திரும்பினார். தான் சொன்னதையே தன்னிடம் திருப்பிக் கொடுத்தால் வாங்காமல் என்ன செய்வது?

மாமா சிரித்துப் பார்த்தார். கூடச் சிரிக்க ஆள் இல்லை. “அண்ணனுக்கு வாய்ப்பூட்டு போடுறியா? ஊரு பாக்கவா?” என்று கேட்டார். இப்போது குரல் மைக்கில் வரவில்லை. மைக் செட்காரர் பொத்தானை அணைத்திருந்தார். அவர் மனைவியும் பாரி எடுத்திருந்தாள்.

“பூட்டு இல்லண்ணே” என்றாள் அம்மா. “ஒனக்குப் பிடிச்சதத்தான வாயில வச்சுக்கிறச் சொல்றேன்.”

மாமா நிமிர்ந்தார். நாயனத்தை எடுத்தார். யாருக்கும் கேட்காமல் ஒரு கெட்ட வார்த்தையைத் தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார் என்று நினைக்கிறேன், உதடு அசைந்தது. பிறகு சீவாளியை வாயில் வைத்தார்.

குலவை எழுந்தது. சட்டிகள் தலைக்கு ஏறின. சித்தி கடைசி ஆளாக ஏற்றிக்கொண்டாள்.

யார் பார்த்துக்கொள்வது என்று ஒரு கேள்வி வந்தது. பெண்கள் எல்லோர் தலையிலும் பாரி இருந்தது, நிமிர்ந்து நேராகத்தான் பார்க்க முடியும். ஆண்களை நம்ப முடியாது. அம்மா என்னைக் கூப்பிட்டாள். “நீ மாமனுக்கு முன்னாடி நட. வாயவே பாரு. சீவாளி எறங்குச்சுன்னா கத்து.”

அப்படித்தான் நாதசுரச் சக்கரவர்த்திக்கு நான் காவலாளி ஆனேன். அவருக்கு முன்னால், அவரைப் பார்த்தபடி, பின்பக்கமாகவே நடந்தேன். இரண்டு தடவை விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்தும் அவர் வாயைத்தான் பார்த்தேன். அவ்வளவு பொறுப்பு எனக்கு அதற்கு முன் யாரும் கொடுத்ததில்லை. வகுப்புத் தலைவி வேலைகூட அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

கோபத்தில் வாசித்தார். முதல் தெரு முழுக்க நாயனம் சண்டை போட்டது. தவில்காரர் பிடிக்க முடியாமல் வேர்த்தார். கன்னம் உப்பியது, வற்றியது. வழக்கமாக மாமா ஓய்வெடுக்கும் இடங்களில் ஓய்வு இல்லை. பேசுகிற நேரத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டியிருந்தது. அப்படிப் பார்த்துக்கொண்டே வந்தபோதுதான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். கன்னத்தில் இருக்கும் காற்று வெளியே போய்க்கொண்டிருக்கும்போதே மூக்கால் மூச்சை இழுத்துக்கொள்கிறார். இழுக்கும்போது மார்பு அசையவில்லை, வேட்டிக் கட்டுக்கு மேலே வயிறுதான் முன்னால் வந்து போனது. மூச்சு எங்கன இருக்கு என்று கேட்டாரே, அங்கனதான் இருந்தது. எனக்கும் வயிறு இருந்தது. நடந்துகொண்டே நானும் கன்னத்தை உப்பி மூக்கால் இழுத்துப் பார்த்தேன். இருமல் வந்தது. மாமா சீவாளிக்கு மேலாக என்னை முறைத்தார்.

டீக்கடை முக்கில் ஆண்கள் காத்திருந்தார்கள். ஒவ்வொரு வருஷமும் மாமாவின் நல்ல நல்ல நக்கல்கள் அங்கேதான் வெளிவரும். நடந்த செய்தி அதற்குள் அங்கே போயிருந்தது. “மாப்ள! ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த சொல்லிட்டுப் போடா! பொம்பளைகளுக்குப் பயந்துட்டியா?” என்று கத்தினார்கள். மாமாவின் உதடு தளர்ந்தது. சீவாளி பல்லுக்கு வெளியே வருவதைப் பார்த்தேன்.

“மாமா! சீவாளி!” என்று கத்தினேன்.

எனக்கு எதிரே மேளம், மேளத்துக்குப் பின்னால் எல்லாப் பெண்களும் நின்றுவிட்டார்கள். அத்தனை கைகளும் சட்டியை இறக்கத் தயாராயின. மாமா என்னைப் பார்த்தார், டீக்கடையைப் பார்த்தார். சீவாளியை உள்ளே தள்ளினார். நாயனத்தின் அகன்ற முனையான அணசைக் கூச்சலிட்டவர்கள் பக்கம் திருப்பி, கழுதை கத்துகிற மாதிரி ஒரு நீளமான கத்தல் வாசித்தார். அச்சு அசல் கழுதை. கடைசியில் அது மூச்சு வாங்குவதைக்கூட வாசித்தார். தெருவே சிரித்தது. பெண்கள் சிரித்த சிரிப்பில் பாரி எல்லாம் தலைமேல் ஆடியது. யாரையும் அழவைக்காமல் மாமா ஒரு கூட்டத்தைச் சிரிக்கவைத்ததை அன்றுதான் பார்த்தேன். அவருக்கே அது ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். கண்ணில் ஒரு சந்தோஷம் வந்தது.

சித்தி சிரிக்கவில்லை. பாரி மிக உயரம், சிரித்தால் சாய்ந்துவிடும் என்று பயப்படுகிறாள்போல என்று நினைத்துக்கொண்டேன்.

தென்னந்தோப்புப் பாதைக்கு வந்ததும் வேடிக்கை பார்க்கிறவர்கள் நின்றுவிட்டார்கள். மேளமும் பெண்களும்தான். அங்கே மாமா வேகத்தை விட்டார். திருவிழாவில் வாசிக்காத ஒன்றை எடுத்தார். மெதுவாக, ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி, போக மனமில்லாமல் போகிற மாதிரி. தவில்காரர் கையைத் தவில்மேல் வைத்துக்கொண்டு சும்மா நடந்தார். அது சகானா ராகம் என்று பல வருஷம் கழித்து மதுரையில் படிக்கும்போது தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமாவின் தோளுக்கு மேலாகப் பார்த்தால் அம்மாவின் கன்னத்தில் தண்ணீர் ஓடியது. தலையில் பாரி இருந்ததால் துடைக்கக் கை இல்லை.

ஆற்றங்கரையில் சட்டிகளை வட்டமாக இறக்கிவைத்தார்கள். வெளிச்சம் இருந்தது. ஜெயித்துவிட்டோம். மாமா அப்போதுதான் சீவாளியை வாயிலிருந்து எடுத்தார். கீழுதடு தடித்துச் சிவந்திருந்தது. நாயனத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேராகச் சித்தியிடம் போனார். எல்லோரும் பார்த்தார்கள். என்னவோ சொல்லப்போகிறார். அவர் முகத்தில் நக்கல் இல்லை. அது நிச்சயம், அவ்வளவு நேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தவள் நான்.

“ஏத்தா…” என்று ஆரம்பித்தார்.

“அண்ணே” என்றாள் சித்தி. சத்தமாகச் சொல்லவில்லை. “நாயனத்த வாயில வச்சுக்கங்க.”

மாமா கக்கத்திலிருந்து நாயனத்தை எடுத்தார். வாயில் வைத்துக்கொண்டார்.

சித்திக்கு அந்த வாசிப்பு இன்னும் வேண்டியிருக்கிறது, எவ்வளவு ரசனை என்று நான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அப்படித்தான் சொல்லவும் செய்தேன். அப்பா என் தலையைத் தடவிவிட்டுச் சாப்பிடப் போனார்.

கரைப்பதற்கு முன்னால் சட்டிகளைச் சுற்றிக் கடைசிக் கும்மி. வட்டம் சேர்ந்தது. சித்தி எடுத்துக் கொடுப்பாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். சித்தி வட்டத்தில்தான் நின்றாள். கையைத் தட்டத் தயாராகத்தான் வைத்திருந்தாள். வாயைத் திறக்கவில்லை. அப்புறம் பெரியம்மா தன் கரகரத்த குரலில் ஆரம்பித்தாள். சுருதி எங்கேயோ போனது. மாமா நாயனத்தால் அதைத் தாங்கிப் பிடித்துக் கொண்டுபோனார். சித்திக்குத் தொண்டை கட்டியிருக்கும், வாரம் முழுக்கப் பாடினாளே என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷத்தை எங்கள் தெருவில் இன்றைக்கும் ‘மாமன் பேசாம வாசிச்ச வருசம்’ என்றுதான் சொல்வார்கள். அப்படி ஒரு வாசிப்பை அதற்கு முன்னும் பின்னும் யாரும் கேட்டதில்லை என்பார்கள். உண்மைதான். மற்ற ஊர்களில் மாமா பழையபடி மைக்கைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். எங்கள் தெருவில் மட்டும், அம்மா சட்டியை இறக்கிய அந்த இடம் வந்தால், யாரும் சொல்லாமலே சீவாளி வாய்க்குப் போய்விடும். என் அம்மாவுக்குக் கையெழுத்துப் போட வராது. ஆனால் வாயையும் வாசிப்பையும் பிரிப்பது எப்படி என்று ஒரு கமிட்டிக்குத் தெரு நடுவில் நின்று செய்துகாட்டியவள் அவள். என்னைப் பெற்றவள் யார் என்று கேட்டால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள் நான். கல்லூரிக்குப் போனவளும் நான்தான். அதை முடித்துவிட்டு மதுரையில் நாதசுரம் படித்தேன். சேர்க்கும்போது, யாரிடம் ஆரம்பப் பயிற்சி என்று கேட்டார்கள். யாரிடமும் இல்லை, ஒருவர் தப்புச் செய்யாமல் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன், அப்போது பார்த்தது என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை. நான் முதல் தடவை மேடையில் வாசித்தபோது மாமா முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். பல் விழுந்து, வாசிப்பை விட்டிருந்தார். முடிந்ததும் கிட்டே வந்து, “மூச்சு இருக்கு” என்றார். எனக்குக் கண் கலங்கியது. அதற்குள் அடுத்ததைச் சொன்னார்: “மூஞ்சியத்தேன் கோணுற. எவன் கட்டுவான்?” அம்மாவின் மகள் நான். முதல் இரண்டு சொல்லை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

போன வருஷம் சொந்தமாக மேளம் சேர்த்தேன். எங்கள் பக்கத்துக் கும்மி மெட்டுகளை நாயனத்தில் வாசிக்க வேண்டும் என்று அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் முணுமுணுத்துக் காட்டுவாள். ஒரு மெட்டில் பாதியில் நின்றுவிட்டாள். “இதுக்கு மேல எனக்கு வராது. இது ஒன் சித்தி பாட்டு. அவ பாடுனாத்தேன் வரும்.”

“சித்தி எங்கம்மா பாடுறாக?” என்றேன்.

“பாடுனா. அந்த வருசத்தோட விட்டுட்டா.”

எந்த வருசம் என்று நான் கேட்கவில்லை. மாமாவின் வாசிப்பை நாங்கள் அன்றைக்கு விடாமல் காப்பாற்றிவிட்டோம், அவ்வளவு சாமர்த்தியம் எங்களுக்கு. அதே கரையில் இன்னொரு வாசிப்பு நின்றுபோனது. சீவாளியையே பார்த்துக்கொண்டு வந்த காவலாளிக்கு அது கண்ணில் படவில்லை.

வருகிற பங்குனியில் எங்கள் தெருக் காளியம்மன் பொங்கலுக்கு வாசிக்க ஒப்புக்கொண்டு வெற்றிலை பாக்கு வாங்கிவிட்டேன். நாயனம் நான்தான். தோப்புப் பாதையில் சகானாதான் வாசிக்கப் போகிறேன், மாமா வாசித்த மாதிரியே. அதைச் சொல்லிவிட்டு வாசிக்கலாம் என்று சித்தி வீட்டுக்குப் போனேன். கேட்டதும், “வாசி. அது நல்ல வாசிப்பு. நான் வேணாம்னா சொன்னேன்?” என்றாள். கும்மி எடுத்துக் கொடுங்கள் சித்தி என்றேன். “போடி, தொண்ட போச்சு” என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். போனவள் திரும்பி வந்து, “பெரியம்மா சுருதி ஒசக்க எடுப்பா. நீ எந்தச் சுருதியில வாசிப்ப?” என்று கேட்டாள். சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டாள்.

நேற்று மைக் செட்காரருக்குப் போன் செய்தேன். இப்போது அவர் மகன்தான் பார்த்துக்கொள்கிறான். வண்டியில் இரண்டு மைக் வேண்டும் என்றேன்.

“ரெண்டா? ஒண்ணு நாயனத்துக்கு. இன்னொண்ணு என்னத்துக்குக்கா? மாமா பேசுறாகளா?” என்று பயந்தபடி கேட்டான்.

“இல்லப்பா” என்றேன். “சித்திக்கு.”